வேதவதி வருகை: இலக்கு ஒன்று

ஸ்ரீரங்கம்,
ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை.

சிரஞ்சீவி ஜனார்தனுக்கு, உன் அத்திம்பேர் பராசரன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் க்ஷேமம், அதாவது குக்கர் இன்னும் வெடிக்கவில்லை. மைசூரில் நீங்கள் எல்லோரும் க்ஷேமம் என்பதை உன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். சாமுண்டி மலைப் படியில் நின்று எடுத்த படத்தில் உன் அக்கா கொஞ்சம் இளைத்திருக்கிறாள். அல்லது சிரிக்கிறாள். இங்கிருந்து சரியாகத் தெரியவில்லை.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். உன் பிள்ளையின் பூணலுக்கு நீ நேரில் வந்து அழைக்காமல், பத்திரிகையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டதை நான் மறந்துவிட்டேன். அதே பத்திரிகையை உன் பழைய ஆபீஸ் டிரைவருக்கு வீடு தேடிப் போய்க் கொடுத்தாய் என்பதையும் மறந்துவிட்டேன். நேரில் வந்து அழைக்காத வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று நான் சொன்னதும், 'அப்படின்னா நான் மட்டும் போயிட்டு வரேன்' என்று உன் அக்கா பெட்டியை எடுத்ததும், 'போனா அங்கேயே இரு' என்று என் வாய் சொன்னதும் பழைய கதை. சித்திரையில் நாலு நாளைக்கென்று போனாள். பிறகு உன் மனைவி ஜாஹ்னவிக்கு முதுகு பிடித்துக்கொண்டது, முதுகு சரியானதும் ஊறுகாய் போடும் காலம் வந்தது, ஊறுகாய் ஊறி முடிந்ததும் தசரா வந்தது. தசராவும் போய்விட்டது. உங்கள் ஊரில் அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. இந்தக் கடிதம் அதைப் பற்றியதே இல்லை. ஆபீஸில் எனக்கு நேர்ந்த அவமானத்தைப் பற்றியது. அதற்கு நீயும் ஒரு காரணம்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் பம்ப்செட் கம்பெனிக்கு மேகனா என்று ஒரு புது மேனேஜர் வந்திருக்கிறாள். எல்லோருக்கும் ஒரே இலக்கு வைப்பது அநியாயம், அவரவர் இலக்கை அவரவரே ஆபீஸின் ஆன்லைன் ஷீட்டில் போட்டுக்கொள்ள வேண்டும் என்றாள். துறையூர்க் கிளைக்குப் போர்வெல் மோட்டார், எடமலைப்பட்டி புதூர்க் கிளைக்கு சர்வீஸ், எனக்கு நம்மை விட்டுப் போன பழைய வாடிக்கையாளர்களைத் திரும்ப வரவழைப்பது. எட்டினால் கட்டம் பச்சை, கெடு இருந்தால் மஞ்சள், கெடு தாண்டினால் சிவப்பு. பொருளாதாரத்தில் எம்.ஏ. படித்தவன் நான். என்னைத் தாண்டிப் பதவி உயர்ந்தவர்களின் பெயர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கட்டத்துக்கு வர்ணம் பூசவா படித்தேன்? ஆனாலும் பழகிக்கொள்ளலாம் என்று வீட்டில் உட்கார்ந்தேன். ஆபீஸ் பாஸ்வேர்டு மறந்துபோனதால், கரண்ட் பில்லுக்காக என் போனிலும் உன் அக்கா போனிலும் வைத்திருக்கிற வீட்டு மெயிலுக்கே ஷீட்டை வரவழைத்துத் திறந்து, அதன் அடியில் ஒரு தனிப் பக்கம் சேர்த்து, என் சொந்த இலக்குகளைப் போட்டுப் பார்த்தேன். பெருமாளைச் சேவிப்பது: பச்சை. துணி மடிப்பது: மஞ்சள். ரசம்: சிவப்பு. கடைசி வரியில், 'வேதவதி வருகை. இலக்கு 1. ஆனது 0.'

அந்தக் கட்டம் ஒரு விசித்திரம், ஜனார்தன். தேதி தாண்டினால் சிவந்துவிடும். தேதியைத் தள்ளிப் போட்டால் மறுபடி மஞ்சளாகும். ஆடி என்று போட்டேன், ஆவணி என்று போட்டேன். சாயங்காலம் பஸ்ஸில் காவிரியைத் தாண்டி வந்து இறங்கினால், ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் பூ விற்கிற வள்ளிக்கண்ணு, 'மாமி வந்துட்டாங்களா சாமி?' என்று கேட்டுக்கொண்டே, பதிலுக்குக் காத்திராமல் முழம் போட்டுவிடுகிறாள். பாதியைப் பெருமாள் படத்துக்குச் சாத்திவிட்டு, மீதியை என்ன செய்வதென்று தெரியாமல் ஃபிரிட்ஜில் வைக்கிறேன். பிறகு ஷீட்டைத் திறந்து தேதியைத் தள்ளுவேன். கட்டம் மஞ்சளாகும். அதைப் பார்த்துக்கொண்டே தயிர் சாதத்தை முடித்துவிடுவேன்.

அந்தப் பக்கம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தது என் படிப்பின் லட்சணம். திங்கட்கிழமை மீட்டிங்கில் மேகனா எல்லாப் பக்கத்துச் சிவப்பையும் ஒன்றாகத் திரட்டிச் சுவரில் பெரிதாகக் காட்டினாள். எல்லாவற்றுக்கும் மேலே, துறையூர் மோட்டாருக்கும் மேலே, வேதவதி. நான் அன்றைக்குப் பார்த்துத் தேதியைத் தள்ள மறந்திருக்கிறேன். துறையூர்க் கிளை அப்துல் மாலிக், 'இது எந்த ஊரு கஸ்டமருங்க? நம்மகிட்ட பேர் இல்லையே' என்றார். புதூர்க் கிளை சின்னையா, 'பாய், அது சார் வீட்டம்மா' என்று அவர் காதில் சொன்னது கடைசி நாற்காலி வரை கேட்டது. மேகனா மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் கேவலம்.

'சார், டார்கெட்டே தப்பா போட்டிருக்கீங்க. வரதும் வராததும் அவங்க கையில இருக்கு. உங்க கையில இருக்கறதைத்தான் நீங்க போடணும். போன் பண்ணீங்களா?'

'பண்ணேன்.'

'என்ன பேசினீங்க?'

'கேஸ் புக் பண்ற நம்பர் கேட்டேன்.'

'அதுக்கப்புறம்?'

'குக்கர் வளையம் எங்கேன்னு கேட்டேன்.'

'இப்படிப் பேசினா நம்மகிட்ட மோட்டாரே வாங்க மாட்டாங்க சார்' என்றார் அப்துல் மாலிக்.

ஆகவே உன் அக்காவிடம் திட்டவட்டமாகச் சொல்லிவிடு. நான் யாரையும் எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. அந்த வரியை இன்றைக்கே அழித்துவிடுவேன். வருவதென்றால் அவளே வரட்டும். நான் கூப்பிடுவதாக இல்லை, உன் வீட்டு வாசலை மிதிப்பதாகவும் இல்லை. பூணல் போட்டுக்கொண்ட பிள்ளைக்கு என் ஆசிகள். ஜாஹ்னவியின் முதுகுக்கும்.

இப்படிக்கு,
எந்தக் குறையும் இல்லாத,
பராசரன்

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன் அந்த வரியை அழிக்கலாமென்று ஷீட்டைத் திறந்தேன். பக்கத்துக் கட்டத்தில் புதிதாக ஏதோ இருந்தது. எழுதியது எங்கள் வீட்டு மெயில் என்று காட்டியது. நான் எழுதவில்லை. 'நீங்க தேதியைத் தள்ளித் தள்ளிப் போடறதை ஆடியிலேர்ந்து பார்த்துண்டுதான் இருக்கேன். நேர்ல வந்து அழைக்காத இடத்துக்குப் போறதில்லைன்னு சொன்னது யாரு? நானும் அப்படித்தான். குக்கர் வளையம் மேல் தட்டுல, சம்புடத்துக்குப் பின்னால.'

வளையம் அங்கேதான் இருந்தது.

மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடு. பழைய வரியை எடுத்துவிட்டு, 'நேரில் போய் அழைப்பது. இலக்கு 1' என்று போட்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, வெள்ளிக்கிழமை மைசூர் வண்டியில் நானே கொண்டு வருகிறேன். இதை நீ படிக்கும்போது உன் வாசலுக்கு வெளியே, வள்ளிக்கண்ணு கட்டிய பூவோடு நின்றுகொண்டிருப்பேன். படித்து முடித்ததும் 'உள்ளே வாங்கோ' என்று ஒரு வார்த்தை சொல். நேரில் அழைத்தால் வருவேன்.