சபையோடு கொடுத்த இண்டர்வியூ

எங்கம்மாவிடம் ஒரு விஷயத்தைச் சொல்வதும் சர்ச் மைக்கில் அறிவிப்பதும் ஒன்றுதான். அது தெரிந்தும், ஸ்காலர்ஷிப் இண்டர்வியூ சனிக்கிழமை மதியம் என்று அவரிடம் உளறினேன் பாருங்கள், என்னை எதால் அடிப்பது!

ஸ்காட்லாந்தில் சீட் கிடைத்துவிட்டது. முழு ஸ்காலர்ஷிப்பும் கிடைத்தால்தான் போக முடியும். இல்லாவிட்டால் மலைமேல் இந்த அருவங்காடு ஃபாக்டரி குவார்ட்டர்ஸிலேயே ட்யூஷன் எடுக்க வேண்டியதுதான். இண்டர்வியூ வீடியோவில். பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது, இருந்தால் விண்ணப்பம் ரத்து.

"ஈ காக்கா வராது கண்ணு, நான் பாத்துக்கறேன்" என்றார் அம்மா. (நம்பினேன். பி.எஸ்ஸி. படித்த முட்டாள்.)

கோட்டு மாட்டிக்கொண்டு ஹாலில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். திரையில் மூன்று பேர். மண்சரிவைப் பற்றி ஏன் படிக்க வேண்டும் என்று நடுவிலிருந்த அம்மையார் கேட்டார். மாசக்கணக்கில் உருப்போட்டதை எடுத்துவிட்டேன். வரிக்கு வரி 'உலகளாவிய' வரும். முடித்து மூச்சு வாங்கினேன்.

"ஆமென்!" என்றது சமையலறை. ஒரு குரல் இல்லை, ஒரு சபையே.

அம்மையார் முகம் இறுகிவிட்டது. "அங்கே யார்? கேமராவைத் திருப்புங்கள்."

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறைத் திரைச்சீலையை விலக்கினேன். முக்காடு போட்டு, கண்மூடி, முழங்காலில் நிற்கிறது பெண்கள் ஜெபக்குழு மொத்தமும். அடுப்போரம் அப்பா, கழற்றிய குக்கர் விசிலைக் கையில் பிடித்தபடி. (விசில் அடித்து என் எதிர்காலம் கெட்டுவிடக் கூடாதாம்!) அடுத்த லைன் வீட்டு ஸ்டெல்லா அக்கா மட்டும் ஒரு கண்ணைத் திறந்து, திரையில் தெரிந்த அம்மையாரிடமே கேட்டார்: "ஏனுங்க, முடிஞ்சுதுங்களா?"

போச்சு, எல்லாம் போச்சு. உருப்போட்டது ஒரு வரி ஞாபகமில்லை. அழுகையும் ஆத்திரமுமாக, வாய்க்கு வந்த இங்கிலீஷில் கொட்டினேன்.

"எனக்காக ஜெபம் பண்றாங்க மேடம். இவங்களுக்கு இங்கிலீஷே வராது. இந்த அக்கா வீட்டுக்குப் பின்னாடி போன மழையில மேடு சரிஞ்சுது. பிள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு எங்க வீட்டுக்கு ஓடி வந்தாங்க. இப்பவும் மழை பெஞ்சா தூங்கறதில்லை. எந்த மேடு சரியும்னு முன்கூட்டியே சொல்லணும். அதுக்குத்தான் படிக்கணும்."

மூவரும் மைக்கை அணைத்துவிட்டுத் தங்களுக்குள் பேசினார்கள்.

"ஜெபத்துக்கெல்லாம் ரத்து இல்லை. ஆனால் இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே!" என்றார் அம்மையார். மீதி நேரமெல்லாம் அந்த மேட்டைப் பற்றித்தான் பேச்சு.

முழு ஸ்காலர்ஷிப்! மெயில் வந்த அன்று அப்பா குவார்ட்டர்ஸ் முழுக்க வர்க்கி பிஸ்கட் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இப்போது லீவுக்கு வந்தால், சர்ச் வாசலில் புதிதாக வந்தவர்களிடம் ஸ்டெல்லா அக்காதான் என்னை அறிமுகப்படுத்துகிறார்:

"இவ ஸ்காட்லாந்துல படிக்கறாளுங்க. இண்டர்வியூவுக்கு நாங்கெல்லாம்தான் போனோம். எல்லாரும் பாஸுங்க!"