ஜெனரேட்டர் வேண்டாம் என்றேன்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பர்மாவில், தாமுவேயில் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்குப் படம் போட்டுக் காட்டினேன்.

பத்திரிகை முதலாளி ஒருவன் உயர்ந்து விழுகிற பழைய கறுப்பு வெள்ளைப் படம். காரணம் இருந்தது. முப்பது வருடமாக நான் எழுதி ஒட்டும் சங்கத்தின் ஒற்றைத் தாளை, அரிசிக்கடை முதலாளி ஊ சுப்பையா (ஊ என்றால் இங்கே ஐயா) தன் கைக்கு எடுத்து வண்ணப் பத்திரிகை ஆக்கப் பார்க்கிறார். படம் முடிந்ததும் வாக்கெடுப்பு.

தாராள மனிதர். ஜெனரேட்டர் அனுப்பட்டுமா என்று கேட்டார். முதலாளியின் மின்சாரத்தில் முதலாளியைத் தோலுரிப்பதா? வேண்டாம் என்றேன். எங்கள் தெருவுக்கு அன்று ஒரு மணி முதல் ஐந்து மணி வரை கரண்ட். படம் இரண்டே மணி நேரம்.

நான் பேசும் நேரத்தைச் சேர்க்க மறந்துவிட்டேன்.

முதல் காட்சியிலேயே படத்து முதலாளி மாளிகையில் தனியாகச் சாகிறான். பாருங்கள், இதுதான் பணக்காரன் கதி என்று நிறுத்தி விளக்கினேன்.

வாத்தியாரான என்னைப் பார்த்து டோ கமலா அம்மாள் பெருமூச்சு விட்டார். "சாவு எல்லாருக்கும் உண்டு சயா. இவ்வளவு பெரிய வீட்டுல சாக கொடுத்து வச்சிருக்கணும்."

நான் விடவில்லை. படம் பின்னோக்கிப் போய், அவன் முதல் பத்திரிகையை வாங்கியதும் நிறுத்தி, மூலதனம் பற்றித் தமிழில் பேசினேன். தமிழ் சரியாகப் புரியாத இளவட்டங்கள் திருதிருவென விழித்தார்கள். அதையே பர்மியத்தில் பேசினேன். அவன் கல்யாணம் செய்தான். மறுபடி மூலதனம்.

ஐந்து மணிக்கு அவன் உச்சத்தில் இருந்தான். விருந்து, பாட்டு, ஆட்டம். கரண்ட் போனது.

இனிமேல்தான் விழுவான் என்று எழுந்து நின்று சொன்னேன். தேர்தலில் தோற்பான், மனைவி போவாள், பத்திரிகைகள் கைவிட்டுப் போகும்.

டாக்சி ஓட்டும் கோ ரவி ஜன்னலைத் திறந்துகொண்டே சொன்னார்: "முப்பது வருஷமா முதலாளி விழப்போறான்னு தாள்ல எழுதுறீங்க சயா. நம்ம தெருவுல இன்னும் ஒருத்தரும் விழலையே."

ஊ சுப்பையாகூட சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அந்த விருந்து மாதிரி நமக்கும் வைப்பாரா என்று யாரோ கேட்டார்கள். வைப்பேன் என்றார் ஊ சுப்பையா. கைகள் உயர்ந்தன. எதிர்த்து ஒரே ஒரு கை. அது என்னுடையது.

முதல் இதழ் நேற்று வந்தது. அட்டையில் அவர் முகம். நாலாம் பக்கத்தில், பத்திரிகையின் பெருமையைப் படம் போட்டு விளக்கிய எனக்கு நன்றி.

அச்சடித்த அன்றும் கரண்ட் இல்லையாம். ஜெனரேட்டர் இருந்தது.