என் கட்டைவிரலை ஒப்புக்கொள்ளாத கணினி

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது.

என்னைக் கேட்காமல் என் கணினிக்கு, என்னாலேயே திறக்க முடியாத பூட்டு ஒன்றைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். இது தவறு. முதல் வரியிலேயே சொல்லிவிட்டதால் இனி மரியாதையாகப் பேசலாம். நீங்களும் மகளும் நலம்தானே? இங்கே கணினி தவிர எல்லோரும் நலம். போனில் சொன்னால் வாய் தவறிவிடும் என்றுதான் கடிதம்.

முப்பத்தெட்டு வருடமாகப் பூட்டுக் கடை வைத்திருப்பவன் நான். யாரிடமும் போய்க் கற்றதில்லை. கெட்டுப்போன பூட்டுகளைப் பிரித்துப் பிரித்துத் தெரிந்துகொண்டது. அப்படிப்பட்டவன் பாஸ்வேர்டைத் தாளில் எழுதிக் கீபோர்டுக்கு அடியில் வைத்திருந்ததைப் பார்த்து, "என்ன மாமா, சாவியைப் பூட்டுலயே தொங்க விட்டிருக்கீங்க?" என்று மகள் முன்னால் கேட்டீர்கள். பொறுத்துக்கொண்டேன். பிறகு, இருபது எழுத்தில் யார் வாயிலும் நுழையாத பாஸ்வேர்டுகளைப் பிரவுசரையே தயாரிக்கச் சொல்லி, அதையே பத்திரப்படுத்தவும் வைத்து, "நீங்க எதையும் ஞாபகம் வச்சுக்க வேண்டாம் மாமா, விரலை வைங்க போதும்" என்றீர்கள். எதற்கென்று தெரியாமல் வைத்தேன். திறந்தது. நீங்கள் கைகூடத் தட்டினீர்கள்.

நீங்கள் வந்திருந்த பத்து நாளும் நான் கடை திறக்கவில்லை. விரலில் தோல் வளர்ந்திருந்தது. நீங்கள் கிளம்பியதும் அரத்தைப் பிடித்தேன். நாலே நாளில் கட்டைவிரல் தேய்ந்து பளிங்குத் தரை மாதிரி ஆகிவிட்டது. இப்போது வைத்தால் அடையாளம் தெரியவில்லை என்கிறது. கழுவி வைத்தேன், எண்ணெய் தடவி வைத்தேன், ஊதி வைத்தேன், அதட்டியும் பார்த்தேன். அசையவில்லை. ரகசிய எண்ணைப் போடலாமே என்பீர்கள். அதை நீங்கள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தீர்கள். தாளில் எழுதி வைக்கக் கூடாது என்று நீங்களே சொன்னதால் அன்றே கிழித்துப் போட்டேன். மகளிடம் கேட்டால், "அவருக்கும் ஞாபகமில்லையாம்பா, தெரிஞ்சு வச்சுக்கக் கூடாதுன்னே மறந்துட்டாராம்" என்கிறாள். கடை உரிமத் தளத்தில் பாஸ்வேர்டு மறந்தவர்களுக்கான பொத்தானை எதிர்க்கடைத் தையல்காரர் கணினியில் அழுத்தினேன். மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறோம் என்றது. மின்னஞ்சலின் பாஸ்வேர்டும் நீங்கள் பூட்டிவிட்டுப் போன கணினிக்குள்தான் இருக்கிறது. சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் ஓடி வருகிறவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். இனி சிரிக்க மாட்டேன்.

இதில் என் பிழைப்பே இருக்கிறது. கடை உரிமத்தை வரும் வெள்ளிக்கிழமைக்குள் கணினி வழியாகப் புதுப்பிக்காவிட்டால் கடைக்குச் சீல். உரிம அலுவலகத்துக்கு நேரில் போனேன். "தாளெல்லாம் வாங்கறதில்லைங்க ஐயா, உள்ளே நுழைஞ்சு அனுப்புங்க" என்றார் எழுத்தர். "உள்ளே நுழையத்தான்யா முடியல!" என்றேன். "பூட்டுக்கடைதானே வச்சிருக்கீங்க?" என்றார் அந்த ஆள். ஆக, வேலை செய்ய அனுமதி வாங்க நான் பத்து நாள் வேலை செய்யாமல் விரல் வளர்க்க வேண்டும். இருப்பது ஐந்து நாள்.

ஆகவே, நீங்கள் வியாழக்கிழமைக்குள் நேரில் வந்து பூட்டை எடுக்க வேண்டும். மகள் உங்களைத் துரத்தி அனுப்ப வேண்டும். உங்கள் மாமியார் கணினிப் பக்கமே வரக் கூடாது. இருக்கிற சிக்கல் போதும். நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, தவறு என்னுடையதல்ல.

நீங்கள் இருவரும் எல்லாக் கதவும் திறந்து நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு: உறை ஒட்டப் பசை கேட்டேன். உங்கள் மாமியார் கடிதத்தை வாங்கிப் படித்தாள். நேராகப் போய் ஆள்காட்டி விரலை வைத்தாள். திறந்துகொண்டது. அன்றைக்கே அவள் விரலையும் சேர்த்துவிட்டீர்களாமே!

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"பக்கத்துல வராதேன்னு சொன்னது யாரு? நீங்க அதை அதட்டிக்கிட்டிருந்தீங்க, குறுக்கே எதுக்குப் பேசணும்னு இருந்தேன். உரிமத்தைப் போன திங்கக்கிழமையே புதுப்பிச்சாச்சு. டிராயர்ல இருக்கு பாருங்க."

இருந்தது.

எனவே மேலே உள்ள பட்டியல் செல்லாது. முதல் வரியை மட்டும் மாற்ற மாட்டேன். புதுப் பட்டியல்: நீங்கள் சௌகரியப்படும்போது வரலாம். மகள் துரத்த வேண்டாம். என் இடது கைச் சுண்டுவிரலைக் கணினியில் சேர்க்க வேண்டியது உங்கள் மாமியார். அந்த விரல் அரம் பிடிப்பதில்லை, இது என் யோசனை. அதுவரை கணினிப் பக்கம் வரக் கூடாதது நான். கடைசி வரி அவள் சொல்லி எழுதியது.