சம்பந்தப்பட்ட எலுமிச்சை

அன்புள்ள அண்ணிக்கு,

நாத்தனார் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம். அங்கே உங்கள் நலம் கேட்பதுதான் முறை. ஆனால் வெட்டியவளே வந்து காயம் ஆறியதா என்று கேட்பது போல இருக்கும் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். கடிதத்தையாவது கிழிப்பதற்கு முன்னால் படிப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

எலுமிச்சை மரத்தில் இலையெல்லாம் மஞ்சளாகிறது, என்னவென்று பார் என்று டிபன் டப்பாவில் போட்டுக் கொடுத்தீர்கள் அல்லவா, அதை எங்கள் ஆய்வகத்தில் அரைத்து, அதற்குள் இருக்கிற மரபணு எழுத்துகளை இயந்திரத்தில் வரிசையாகப் படித்தோம். படித்ததில் மரத்துக்கு உரியதைக் கழித்து, ஏற்கெனவே தெரிந்த வைரஸ்களையும் கழித்துவிட்டால், மாவு சலித்த பிறகு கப்பி நிற்பது போலக் கொஞ்சம் மிஞ்சும். பெரும்பாலும் குப்பைதான். இந்த முறை மிஞ்சியது இதுவரை யாரும் பார்த்திராத ஒரு வைரஸ். அண்ணி, இத்தனை வருடமாக அடுத்தவர்கள் கண்டுபிடித்ததைத்தான் நான் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே உங்களுக்குத்தான் போன் செய்தேன். என் போதாத காலம், அண்ணன் எடுத்தார்.

"அண்ணா, உங்க எலுமிச்சையோட சம்பந்தப்பட்ட புது வைரஸ் ஒண்ணு கிடைச்சிருக்கு."

"சம்பந்தப்பட்டதா? நல்லா விசாரிச்சியா?"

"திரும்பவும் மெஷின்ல ஓட்டிப் பாத்துட்டேண்ணா. நிச்சயம்."

"சரி, நான் பாத்துக்கறேன்" என்றார். பாசம் என்று நினைத்தேன். மறுநாள் இன்னும் கொஞ்சம் இலை வேண்டும் என்று கேட்டபோதுதான் அவர் பார்த்துக்கொண்ட விதம் தெரிந்தது.

"இலைக்கு எங்க போறது? மரத்தையே காலையில சாய்ச்சாச்சு."

"ஏண்ணா இப்படிப் பண்ணீங்க?"

"நீதானே சொன்னே. ஆயுசு பூரா கோர்ட் குமாஸ்தாவா இருந்தவன்கிட்ட சம்பந்தப்பட்டதுன்னு சொன்னா வேற என்ன அர்த்தம்? சம்பந்தப்பட்டவர்னு பேப்பர்ல பேர் வந்தாலே ஆள் பாதி உள்ள போயாச்சு."

எங்கள் தொழிலில் அந்தச் சொல்லுக்கு, அங்கே இருந்தது என்பதற்கு மேல் ஒரு பொருளும் கிடையாது. பந்தியில் உட்கார்ந்தவன் எல்லாம் மாப்பிள்ளையா? அந்த வைரஸ் ஒரு கெடுதலும் செய்ததாகத் தெரியவில்லை. தூரத்துச் சொந்தம் வந்து தங்கியது போல ஒரு மூலையில் படுத்துக் கிடந்திருக்கிறது. இதையெல்லாம் நான் சொல்லி முடித்ததும், "அப்ப இலை ஏன் மஞ்சளாச்சு? வாஷிங் மெஷின் தண்ணியக்கூட வீணாக்காம அதுக்குத்தானே விட்டேன்" என்றார். நரம்பு மட்டும் பச்சையாகவும் மற்ற இடமெல்லாம் மஞ்சளாகவும் இருந்ததைப் பார்த்தபோதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். சோப்புத் தண்ணீர் குடித்துக் குடித்து மண் கெட்டு, இரும்புச்சத்து ஏறாமல் மரம் பட்டினி கிடந்திருக்கிறது. குற்றவாளியே தீர்ப்பு எழுதித் தண்டனையையும் நிறைவேற்றிவிட்டார். ஆனால் கோடரியை எடுத்துக் கொடுத்தது என் வாய்.

நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில், பிழிந்த பழத்தின் விதை ஒன்றைப் பின்பக்கம் ஊன்றினீர்கள். "இது காய்க்கறதுக்குள்ள நமக்கு நரைச்சுடும் அண்ணி" என்று சிரித்தேன். நரைப்பதற்கு முன்பே காய்த்தது. அந்த வீட்டில் நாற்காலியிலிருந்து சுவரில் அடித்த ஆணி வரை எல்லாம் எங்களுடையது. மரம் ஒன்றுதான் உங்களுடையது. மரம் போன பிறகுதான் இது எனக்கு உறைக்கிறது.

பரிகாரமாக அந்த வைரஸுக்கு உங்கள் பெயரை வைக்கலாம் என்று நினைத்து அண்ணனிடம் கேட்டேன். "வை, பொருத்தமாத்தான் இருக்கும்" என்றார். அவருக்கு இன்னமும் சாப்பாடு போடுகிறீர்களா?

அடிக்கட்டையையும் ஞாயிற்றுக்கிழமை தோண்டி எடுக்கப் போகிறாராம். விடாதீர்கள் அண்ணி. ஒட்டுக்கன்றாக இருந்தால் அடியிலிருந்து வேறு மரம் துளிர்க்கும். இது விதையில் வந்தது. கட்டையிலிருந்து துளிர்த்தாலும் அதே மரம்தான். துளிர்த்தால் எனக்கு ஓர் இலை அனுப்புங்கள். கண்டுபிடிப்பை உறுதிசெய்ய உயிரோடு இருக்கும் மரம் வேண்டும். மன்னிப்புக் கேட்டு எழுதும்போதும் இலை கேட்கிறாளே என்று உங்களுக்குக் கோபம் வரும். எனக்கே வருகிறது.

உங்களிடம் ஆசி கேட்கும் முகம் இப்போது எனக்கில்லை. அதைப் பிறகு கேட்டு வாங்கிக்கொள்கிறேன். அண்ணனிடம் என் வணக்கத்தைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம்.

இதில் சம்பந்தப்பட்ட,
உங்கள் நாத்தனார்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது முழு முடிவும் வந்துவிட்டது. அந்த வைரஸ் மரத்தில் இருந்ததே இல்லை. இலைக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்த அசுவினிப் பூச்சிக்குள் இருந்திருக்கிறது. இலையோடு அதையும் சேர்த்து அரைத்திருக்கிறேன். பூச்சிகளை ஆராயும் பிரிவிலிருந்து வந்து, இது எங்களுடையது என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். உங்கள் மரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எனவே உங்கள் பெயரை வைப்பதற்கில்லை. எனக்கு இனி இலையும் தேவையில்லை. இருந்தாலும், துளிர்த்ததா என்று ஒரு வரி எழுதுங்கள்.