சிவப்புக் குறி தாண்டி இழுக்காத சம்பந்திக்கு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் மகள் வீட்டில் தாங்களும் மற்றவர்களும் சுகமாக இருப்பீர்கள், முழங்கால் வலியும் மட்டுப்பட்டிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் மரியாதை. ஆனால் இந்த வீட்டில் இன்று காலைவரை சுகமாக இருந்தது பால்கனிச் செடி ஒன்றுதான், அதன்மேலும் இப்போது தூசி படிந்துவிட்டது. அது எப்படி என்று பிறகு சொல்கிறேன். சொல்ல வேண்டியதை முதலில் சொல்லாவிட்டால் கடிதம் முடியும்வரை என் தைரியம் தாங்காது. வாக்குவம் கிளீனரின் வயரை நீங்கள் கெடுக்கவில்லை. நான்தான் கெடுத்தேன்.

அன்றைக்குக் கூடத்தில் அந்த வயர் உள்ளே போகாமல் அடம்பிடித்தபோது அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றீர்கள், உங்கள் குற்றம் அவ்வளவுதான். உங்கள் மகனும் என் மகளும் பார்த்துக்கொண்டிருக்க, "சம்பந்தி, இது என்ன கிணத்துக் கயிறா? வயர்ல சிவப்புக் குறி வந்தா இழுக்கறத நிறுத்தணும்னு தெரியாதா?" என்று கேட்டுவிட்டேன். யாரைப் பார்த்து? வாழ்நாளெல்லாம் நிலம் அளந்தவரை, அளவு நாடாவை ஒரு விரற்கடை கூட இழுத்தால் ஒருவன் வேலி அடுத்தவன் தோட்டத்துக்குள் போய்விடும் என்று தெரிந்தவரைப் பார்த்து. நீங்கள் வயரைத் தரையில் மெதுவாக வைத்துவிட்டு, "சரிங்க சம்பந்தி" என்றீர்கள். மறுநாள் பெட்டியோடு கிளம்பிவிட்டீர்கள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டி, சாயங்காலம் ஒன்றாகக் காபி குடித்திருப்போம். அந்த 'சரிங்க'தான் என்னைத் தூங்கவிடவில்லை.

நீங்கள் போனதிலிருந்து இங்கே பிள்ளைகள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. "உங்கப்பா எங்கப்பாவை அவமானப்படுத்திட்டார்" என்பது மாப்பிள்ளை கட்சி. "ஒரு வயருக்காக உங்கப்பா வீட்டை விட்டே போகணுமா?" என்பது என் மகள் கட்சி. நடுவில் நான் தபால்காரன். "அப்பா, சாப்பாடு மேஜை மேல இருக்குன்னு சொல்லுங்க." "மாமா, பசிக்கலன்னு சொல்லிடுங்க." இரண்டு பேரும் ஒரே சோபாவில் உட்கார்ந்துகொண்டு இப்படிச் சொல்கிறார்கள், நானும் இந்தப் பக்கம் ஒரு தடவை அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பி ஒப்பிக்கிறேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் தான் மட்டும்தான் கெடுகிறது, நான் குடும்பத்தையே கெடுத்துவிட்டேன்.

வயர் ஓடினால் பேச்சும் ஓடும் என்று கணக்குப் போட்டு, இன்று இருவரும் வேலைக்குப் போனதும் இயந்திரத்தைச் சாப்பாட்டு மேஜைமேல் தூக்கி வைத்தேன். மின்சார இலாகாவில் ஊருக்கே வெளிச்சம் கொடுத்தவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்ற திமிர். பிளக் செருகவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு ஸ்க்ரூக்களைக் கழற்றி மூடியைத் திறந்தேன். தூசிப் பையை முதலில் எடுத்துவிட வேண்டும் என்று தோன்றவில்லை. மூடியோடு அதுவும் வந்தது, பொத்தென்று விழுந்து வெடித்தது. மேஜை, நாற்காலி, திரைச்சீலை, என் மூக்குக்கண்ணாடி, பால்கனிச் செடி, எதுவும் தப்பவில்லை. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்று சொல்லி வைத்தார்களே, எனக்குக் கொட்டிய தூசியைக்கூட அள்ள வழியில்லை. அள்ளுகிற இயந்திரம்தான் மேஜைமேல் திறந்து கிடக்கிறதே.

சரி, வந்தது வந்தாயிற்று என்று வயர் சுற்றுகிற உருளையைப் பார்த்தேன். அங்கேதான் எனக்கு உடம்பு கூசியது. வயரின் நடுவில் ஓரிடத்தில் கறுப்பு டேப், கையில் போட்ட மாவுக்கட்டு மாதிரி தடியாகச் சுற்றியிருந்தது. மோட்டார் சூட்டில் அதன் பசை உருகி, மேல் சுற்றும் கீழ்ச் சுற்றும் ஒட்டிப்போய், உருளை நகர முடியாமல் நின்றிருக்கிறது. உங்களுக்குத்தான் தெரியுமே, இந்த வீட்டில் டேப் சுற்றுகிற பைத்தியம் யார் என்று. குடைக்கம்பி, ரிமோட், என் செருப்பு வார், சீப்பு, ஒன்றையும் விட்டதில்லை. உங்கள் கைத்தடிக்குக்கூட நீங்கள் கேட்காமலேயே சுற்றிக் கொடுத்தவன் நான். எப்போது வயருக்குச் சுற்றினேன் என்று ஞாபகமில்லை. ஞாபகம் எதற்கு? அதுதான் என் கையெழுத்து ஆயிற்றே.

டேப்பைப் பிய்த்துவிட்டு அத்தோடு நிறுத்தியிருந்தால் நான் மனிதன். உருளைக்கு அடியில் இன்னொரு சின்ன மூடி இருந்தது, அதற்குள் என்னதான் இருக்கிறது என்று நெம்பினேன். வயரை உள்ளே இழுக்கச் சுருட்டி வைத்திருந்த ஸ்பிரிங் அது. சீறிக்கொண்டு கிளம்பி, என் காதை உரசி, திரைச்சீலையில் போய்த் தொங்கியது. பிடித்துச் சுருட்டப் பார்த்தேன். வலமாகச் சுருட்டினால் இடமாகப் பாய்கிறது, இடமாகச் சுருட்டினால் என்மேல் பாய்கிறது. எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று தெரியவில்லை, யாரைக் கேட்கவும் வாய் வரவில்லை.

மேல்மாடியில் பல் டாக்டரம்மா இருக்கிறார். அவரிடமும் இதே மாதிரி ஒன்று உண்டு. போய் நின்றேன். என் தலையில் இருந்த தூசியைப் பார்த்துவிட்டு, "ஐயோ, எடுத்துட்டுப் போங்க ஐயா. புதுசு, கொஞ்சம் பாத்து" என்று கொடுத்தார். தூசியை உறிஞ்சத்தான் வாங்கினேன், சத்தியமாகச் சொல்கிறேன். கூடத்தைச் சுத்தம் செய்துவிட்டுப் பட்டனை அழுத்தினேன். என்ன அழகாக வயர் உள்ளே போயிற்று! இதில் எந்தப் பக்கம் சுற்றியிருக்கிறான் என்று ஒரு கண் பார்த்தால் போதுமே என்று திறந்தேன். இதுவும் பாய்ந்தது. வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதைதான். ஒன்றைக் கழற்றியவனுக்கு முட்டாள் என்று பெயர். இரண்டாவதையும் கழற்றியவனுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. இப்போது இரண்டு ஸ்பிரிங்கும் பின்னிக்கொண்டு கிடக்கின்றன, எந்த ஸ்க்ரூ யாருடையது என்றும் தெரியவில்லை. மாடியில் கதவு திறக்கிற சத்தம் கேட்டாலே சமையலறைக்குள் போய் நின்றுகொள்கிறேன்.

சம்பந்தி, எனக்கு வெட்கமாக இருக்கிறது. இயந்திரத்துக்காக இல்லை, அதைக் கடையில் கொடுத்தால் பார்த்துக்கொள்வார்கள். உங்களை அப்படிக் கேட்டுவிட்டு, அன்று ராத்திரி நன்றாகச் சாப்பிட்டேன், அதற்காக வெட்கப்படுகிறேன். உங்கள் கட்டில் அப்படியே இருக்கிறது. திரும்பி வாருங்கள். பிள்ளைகள் எதிரிலேயே உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன், எந்த வாயால் சொன்னேனோ அதே வாயால்.

அங்கே பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு என் ஆசி. என்னிடம் ஆசி வாங்கினால் விளங்குமா என்று அவர்கள் யோசித்தால், உங்கள் பங்கிலிருந்து கொஞ்சம் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைகுனிந்து,
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுவதற்குள் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். என் மகள் வாசலிலேயே நின்று, "ஏங்க, இங்க வந்து பாருங்களேன், ரெண்டையும் கழட்டி வெச்சிருக்கார்!" என்று கத்தினாள். அவரிடம் நேராகப் பேசிவிட்டாள்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நிம்மதியில், டேப் சுற்றியது நான்தான் என்று இருவரிடமும் சொன்னேன். மாப்பிள்ளை என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பின்னிக் கிடந்த ஸ்பிரிங்கைப் பிரித்துக்கொண்டே, "மாமா, அது நான் சுத்தினது" என்றார். வயரைக் கதவில் நசுக்கிவிட்டாராம். நீங்கள் ஆசையாக வாங்கிக் கொடுத்த இயந்திரம் என்பதால் உங்களிடம் சொல்லப் பயமாம். "அப்ப ஏன் மாப்பிள்ளை வாயைத் திறக்கல?" என்றேன். "நீங்க ரெண்டு பேரும் என்னைக் கேக்கவே இல்லையே மாமா" என்கிறார். என் மகள் மறுபடியும் அவரோடு பேசுவதில்லை, இந்தத் தடவை நியாயத்தோடு. ஆகவே மேலே டேப் சம்பந்தமாக நான் ஒப்புக்கொண்ட அனைத்தையும் அடித்துவிட்டுப் படிக்கவும். உங்களைச் சொன்ன சொல்லை மட்டும் அடிக்க வேண்டாம், அது என்னுடையதுதான். உடனே புறப்பட்டு வாருங்கள். மாப்பிள்ளையைத் திட்ட எனக்கு உரிமையில்லை, நீங்கள் பெற்றவர், திட்டலாம். அவரைத் திட்டி முடித்த சூட்டோடு என்னையும் திட்டுங்கள். 'சரிங்க' மட்டும் சொல்லாதீர்கள்.