கிரிசெல்தாவின் ஆட்டத்தில் ஸ்கோர் சொல்லாத வானொலிக்காரர்

'நதிக்கரைச் செய்தி' விளையாட்டுப் பக்கத்து ஆசிரியர் ஐயா அவர்கள் சமூகத்துக்கு,

வில்லா எஸ்பினியோ ஊர் எவாரிஸ்தோ கொதோய் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் வீட்டாரும், தங்கள் அச்சு இயந்திரமும் நோய்நொடி இல்லாமல் இருக்க லுஹான் மாதாவை வேண்டுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். குழப்பம் ஒன்றுதான் தாங்க முடியவில்லை. எழுதிக்கொள்வது என்று சொன்னேனே ஒழிய, எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல எழுதுவது பக்கத்து வீட்டுத் தையற்காரம்மா எர்மெலிந்தா. எழுத்துதான் வராது, காதில் ஒரு தரம் விழுந்தது சாகும் வரை மறக்காது. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஐயா, எனக்கு வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. நேற்று ஞாயிற்றுக்கிழமை சாந்தா ஃபே நகரத்தில் நடந்த டென்னிஸ் அரையிறுதியில் என் பேத்தி கிரிசெல்தா ஜெயித்தாளா, தோற்றாளா? உங்கள் பத்திரிகைக்கும் அந்த வானொலிக்கும் முதலாளி ஒருவரே என்கிறார்கள். வானொலியில் மூன்று மணி நேரம் கேட்டேன். இன்று காலை உங்கள் பக்கத்தை மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். எனக்கு இன்னும் தெரியவில்லை. இந்த ஊரில் யாருக்கும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமைப் புயலில் கம்பி அறுந்து ஊரின் ஒரே தொலைபேசியும் செத்துக் கிடக்கிறது. பேத்தி ஆறு மணிப் பஸ்ஸில் வருகிறாள். திரும்பிப் போகிற அதே பஸ்ஸில்தான் இந்தக் கடிதமும் உங்களுக்கு வரும். உங்கள் பதில் வருவதற்குள் அவளே வந்துவிடுவாள் என்பது எனக்கும் தெரியும். அதற்காக யாரையும் கேட்காமலே இருக்க முடியுமா?

தெரிந்து என்ன செய்யப் போகிறாய் கிழவா என்பீர்கள். எங்கள் ஊரில் ஜெயித்து வந்தவர்களைத் தீயணைப்பு வண்டியில் ஏற்றி, சங்கு ஊதி, சதுக்கத்தைச் சுற்றி வருவோம். தோற்று வந்தவர்களுக்கு வீட்டு ஆள் ஒருவர் மட்டும் போய், பையை வாங்கிக்கொண்டு, மழையைப் பற்றிப் பேசியபடி கூட்டி வந்து கோழி சூப் கொடுக்க வேண்டும். போன வருஷம் உங்கள் பக்கத்தில் ஜெயித்தவள் பெயரையும் தோற்றவள் பெயரையும் இடம் மாற்றிப் போட்டீர்கள், நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது. இடது பக்கம், கீழே, உரமூட்டை விளம்பரத்துக்கு மேலே. அதை நம்பி வண்டியைக் கொண்டுபோனோம். சங்கு ஊதினோம், நகரத் தலைவர் பேசினார், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கொடி ஆட்டினார்கள். ஒரு கேம்கூட எடுக்காமல் தோற்ற கிரிசெல்தா அதைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். இறங்கவே இல்லை. அடுத்த ஊர் வரை போய், இருட்டின பிறகு லாரி பிடித்து வந்தாள். குளிர்காலம் முழுக்க மட்டையைத் தொடவில்லை. பிறகு ஒரு நாள் என்னிடம் வந்து, "தாத்தா, இன்னொரு தரம் எனக்கு இப்படிப் பண்ணீங்கன்னா, இந்த மட்டைய அடுப்புல வெச்சிருவேன். மிரட்டுறேன்னு நெனைக்காதீங்க, செஞ்சிருவேன்" என்றாள். செய்வாள். அவள் பாட்டியும் அப்படித்தான்.

அதனால் நேற்று மதியமே வானொலிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டோம். போன ஆட்டத்தில் யார் எந்த நாற்காலியோ அதே நாற்காலி. என் மைத்துனன் பசிலியோ மட்டும் குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் ஒற்றைக்காலில். போன தரம் அவன் செருப்பைத் தேடி அப்படி நின்றபோதுதான் அவளுக்கு ஒரு நல்ல பாயிண்ட் கிடைத்தது. அப்புறம் அவனை எப்படி இரண்டு காலில் நிற்க விடுவது? எங்கள் வீட்டில் சட்டம் ஒன்றுதான். அவள் முன்னால் போகும்போது அதை வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் கண் பட்டுவிடும், பந்து வலையில் விழும். இதற்கு என்னிடம் பதினேழு வருஷத்து அத்தாட்சி இருக்கிறது, இப்போது வேண்டாம்.

வர்ணனை செய்தவர் உங்கள் அனிபால் கொர்வலான். ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் இருந்தார். "கிரிசெல்தா கொதோய் மூன்றுக்குப் பூஜ்யம் என்று பின்தங்கியிருக்கிறார்" என்று ஆணி அடித்த மாதிரி சொன்னார். வயிறு எரிந்தாலும் விஷயம் தெரிந்தது. பிறகு "மூன்றுக்கு மூன்று" என்றார். அவ்வளவுதான் ஐயா, அதன் பிறகு அந்த மனிதருக்கு என்ன ஆயிற்றோ! காற்று தென்கிழக்கிலிருந்து வருகிறது என்றார். சாசேஜ் சுடும் கடையின் புகை நடுவர் கண்ணில் பட்டுவிட்டது என்றார். தளத்துக்குள் ஒரு நாய் வந்தது. அதன் நிறம், வால், அது யார் வீட்டு நாயாக இருக்கலாம் என்பது வரைக்கும் சொன்னார். "ஆஹா, என்ன அடி! என்ன அடி!" என்றார். யார் அடித்த அடி? கூட்டம் கத்துகிறது, கைதட்டுகிறது, இவர் கிரிசெல்தாவின் காலணி நாடாவைப் பற்றிப் பேசுகிறார். இரண்டாவது செட்டில் ஒரே ஒரு தரம் வாய் திறந்து ஸ்கோர் சொன்னார்: "நான்குக்கு இரண்டு, கிரிசெல்தா பின்தங்கியிருக்கிறார்." மூன்றாவது செட்டிலும் ஒரே தரம்: "ஒன்றுக்குப் பூஜ்யம், பின்தங்கியிருக்கிறார்." அவள் விழுந்தால் மட்டும் இந்த மனிதருக்கு நாக்கு வருகிறது! என் பேத்தி மேல் அவருக்கு என்ன பகை? நாங்கள் அவர் வீட்டு வாசலில் குப்பையா கொட்டினோம்?

பசிலியோவுக்குப் பொறுக்கவில்லை. "மச்சான், எனக்கென்னமோ புள்ள இப்போ முன்னால..." என்று ஆரம்பித்தான். தலையணையை வாயில் வைத்து அமுக்கினேன்.

"டேய், வாய மூடு! நீ சொல்லித் தொலைக்காத!"

"நான் சொல்லல மச்சான், கேக்குறேன்! முன்னாலயா பின்னாலயான்னு கேக்குறது தப்பா?"

"கால மாத்தாதடா! இடது காலு, இடது காலு!"

கடைசியில் கூட்டம் ஓவென்று கத்தியது. அனிபால் ஐயா, "அன்பு நேயர்களே, இதற்கு மேல் நான் என்ன சொல்ல? நீங்களே காதால் கேட்டீர்கள்!" என்றார். உடனே மெத்தை விளம்பரம் வந்தது. பசிலியோ அழுதான். சந்தோஷமா துக்கமா என்று கேட்டேன். "தெரியல மச்சான், காலு வலிக்குது" என்றான்.

காலையில் உங்கள் பத்திரிகை வந்தது. தலைப்பு: "செம்மண்ணில் ஒரு சித்திரம்." எர்மெலிந்தா வாசித்தாள். 'வெற்றி தோல்வி என்னும் சிறிய சொற்களுக்குள் அடங்காத மாலை அது' என்று போட்டிருந்தது. ஐயா, எங்களுக்கு அந்தச் சிறிய சொல்தானே வேண்டும்! பெரிய சொல் எங்களுக்கு எதற்கு? நாய் வந்தது, புகை வந்தது, நாடா வந்தது. ஸ்கோர் வரவில்லை. எர்மெலிந்தா மூன்று தரமும் ஒரே இடத்தில் அழுதாள். எதற்கு என்று கேட்டால், "ரொம்ப அழகா எழுதியிருக்காரு, அண்ணே" என்கிறாள். இதை எழுதாதே என்றேன், எழுதிக்கொண்டிருக்கிறாள்.

மதியம் தீயணைப்புத் தலைவர் வந்தார். ரொட்டிக் கடையும் அவருடையதுதான், கையெல்லாம் மாவு. "பெரியவரே, வண்டிய எடுக்கவா வேணாமா? சட்டுனு சொல்லுங்க, அடுப்புல ரொட்டி கெடக்கு" என்றார். எடுத்தால், அவள் தோற்றிருந்தால், மட்டை அடுப்புக்குப் போகும். எடுக்காமல், அவள் ஜெயித்திருந்தால், ஜெயித்த பெண்ணை அநாதையாக நடக்க விட்ட பாவம். யோசித்து யோசித்துக் கடைசியில் இப்படி முடிவு செய்திருக்கிறோம்: வண்டி வரும், சங்கு ஊதாது. வீரர்கள் வண்டியில் இருப்பார்கள், ஆனால் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருப்பார்கள். மேளக்காரர் மேளத்தோடு வருவார், குச்சியைச் சட்டைப்பையில் வைத்திருப்பார். நான் பைக்குக் கை நீட்டியபடி, சிரிக்காமலும் அழாமலும் நிற்பேன். சூப்பும் கொதிக்கிறது, இறைச்சியும் சுடத் தயாராக இருக்கிறது. எழுபத்தெட்டு வயதில் ஒரு மனிதன் இப்படியா நிற்பது? ஆகவே ஐயா, அந்த அனிபால் கொர்வலானை உடனே வேலையை விட்டு நீக்கி, எண்ணத் தெரிந்த ஒருவரை நியமிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தைப் பெரிய எழுத்தில் உங்கள் பக்கத்திலும் போட வேண்டும்.

தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும். தங்கள் நகரத்துக்கு நல்ல மழை பெய்யட்டும்.

இப்படிக்கு,
எவாரிஸ்தோ கொதோய் (கைநாட்டு)

பின்குறிப்பு: பஸ் வந்துவிட்டது. ஓட்டுநர் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறார், அதனால் வேகமாகச் சொல்கிறேன். கிரிசெல்தா இறங்கினாள். சங்கு ஊதாத வண்டியையும் தலையில் தொப்பி இல்லாத ஆட்களையும் பார்த்து, "அய்யய்யோ, யாரு செத்தது?" என்றாள். நான் பையை வாங்கிக்கொண்டு, மழையைப் பற்றிப் பேசலாம் என்று வாயைத் திறந்தேன், "ஜெயிச்சியா தோத்தியாம்மா?" என்றுதான் வந்தது. அவள் என் வாயைப் பொத்தினாள்.

"உஷ்! தாத்தா! ஞாயித்துக்கிழமை எனக்கு இன்னொரு ஆட்டம் இருக்கு!"

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. பசிலியோவுக்கு இன்னும் விளங்கவில்லை.

"அப்போ அந்த ரேடியோக்காரன்?" என்றேன்.

"நான்தான் அவருகிட்டக் கேட்டுக்கிட்டேன். நான் முன்னால போனா மட்டும் வாய் தெறக்காதீங்க, எங்க தாத்தா கேட்டுக்கிட்டிருப்பாரு, அவருக்கு ஆகாதுன்னு. பாவம், மூணு மணி நேரம் நாயப் பத்திப் பேசியே காப்பாத்தினாரு. பத்திரிகைக்காரரு வரவே இல்ல, ரேடியோவக் கேட்டு எழுதினாராம். யாரு போட்ட சட்டம் தாத்தா இது?"

தீயணைப்புத் தலைவர், "அப்போ சங்கு ஊதலாமா?" என்று கேட்டார். ஊரே சேர்ந்து "உஷ்!" என்றது. தொப்பியை மாட்டிக்கொண்டு, அவளை வண்டியில் ஏற்றி, சதுக்கத்தைச் சத்தமில்லாமல் மூன்று சுற்றுச் சுற்றினார்கள்.

ஆகவே ஐயா, மேலே சொன்னது எதையும் வாசிக்க வேண்டாம், போடவும் வேண்டாம். அந்தச் சிறிய சொல்லை எழுத எர்மெலிந்தா பேனாவைத் தூக்கினாள், பிடுங்கிவிட்டேன். வரும் ஞாயிற்றுக்கிழமையும் அனிபால் ஐயாவையே அனுப்புங்கள், வேறு யாரும் வேண்டாம். அவர் நாய், புகை, நாடா என்று பேசுகிற வரை எங்களுக்கு நிம்மதி. ஸ்கோர் சொல்ல ஆரம்பித்தார் என்றால் தொலைந்தோம்.