பச்சைப் பூவுக்குத் தனிப் பிரிவு

இந்த வருஷம் பீர் உலகத்தைத் திருத்தியே தீருவது என்று ஆகஸ்ட் முதல் தேதி காலை பல் துலக்கும்போது சபதம் செய்தேன். வாய் நிறைய நுரை இருந்ததால் சபதத்தை என் மனைவி கோரினிடம் உடனே சொல்ல முடியவில்லை. அந்த ஒரு நிமிஷம்தான் நான் பத்திரமாக இருந்தேன். கொப்பளித்ததும் சொல்லிவிட்டேன்.

"சங்கத்துல தனிப் பிரிவு கேக்கப்போறேன்."

"எதுக்கு?"

"பச்சை ஹாப்ஸ் பீருக்கு."

"முதல்ல வாயைத் துடை அர்மான்."

அமெரிக்காவில் எங்கள் யாக்கிமா பள்ளத்தாக்கில் கண்ணுக்கு எட்டிய தூரம் ஹாப்ஸ் கொடிதான். பீருக்குக் கசப்பும் மணமும் அதன் பூ போடும் பிச்சை. ஊரே அந்தப் பூவை அனலில் உலர்த்தி, மூட்டை கட்டி வைத்து, வருஷம் முழுக்கக் காய்ச்சும். நான் மட்டும் செப்டம்பரில் கொடியிலிருந்து இறங்கிய பூவை, ஈரம் காயாமல், அன்றைக்கே கொப்பரையில் போடுகிற ஜாதி. அந்த மணம் இருக்கிறதே! சரி, அதை விடுங்கள். வீட்டில் காய்ச்சுவோர் சங்கத்தின் அக்டோபர் போட்டியில் நான்கு வருஷமாகத் தோற்று வருகிறேன். நான்கு வருஷமும் நடுவர்கள் எழுதிய தீர்ப்பு ஒன்றே: "நல்ல பீர். ஆனால் இலை வாசம். இந்தப் பிரிவுக்குப் பொருந்தாது." நான்கு வருஷமும் முதல் பரிசு, காய்ந்த பூ போடும் பக்கத்து வீட்டு வெண்டலுக்கு.

தோற்பதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். கார் ஷெட்தான் பிரச்சினை. என் கொப்பரையும் அடுப்பும் குழாய்களும் ஷெட்டில் சுகமாக இருந்தன. கோரினின் கார் நான்கு பனிக்காலமாக வெளியே கிடந்தது. போன ஜனவரியில், விடியற்காலையில் கண்ணாடிப் பனியைச் சுரண்டிவிட்டு உள்ளே வந்தவள், சுரண்டியை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இந்த வருஷமும் பரிசு வரலைன்னா ஷெட் எனக்கு. சரியா?"

"சரி" என்று சொன்னேன். தட்டுப் பக்கத்தில் சுரண்டியை வைக்கிறவளிடம் வேறென்ன சொல்வது?

ஆகவேதான் தனிப் பிரிவு. ஊரில் பச்சைப் பூவில் காய்ச்சுகிற ஒரே ஆள் நான். நான் ஒருவனே போட்டியிடும் பிரிவில் நான் எப்படித் தோற்க முடியும்? ஷெட்டை நினைத்து நினைத்து மனசு அடித்துக்கொண்ட எனக்கு அப்போதுதான் கொஞ்சம் மூச்சு வந்தது.

வந்த மூச்சைக் கோரின் நிறுத்தினாள். அவள்தான் சங்கத்தின் செயலாளர்.

"அதெல்லாம் தனிப் பிரிவு கிடையாது. அதே பீரு, அதே பூ. காயலை, அவ்வளவுதானே?"

"திராட்சையும் உலர்ந்த திராட்சையும் ஒண்ணா கோரின்?"

"அக்டோபர்ல புது ஆப்பிளை மாவுக்குள்ள வச்சுப் பை சுடறேன். பிப்ரவரியில காஞ்ச ஆப்பிள்ல பை செய்றேன். ரெண்டையும் முழுங்கிட்டு 'பை நல்லாருக்கு'ன்னுதானே சொன்னே? தனிப் பேரு கேட்டியா?"

"அது பை!"

"இது பொய்."

வேலிக்கு அந்தப் பக்கம் வெண்டலின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"யோவ் அர்மான், உன் பச்சைப் பீரைக் குடிச்சா புல்வெளியை நக்கின மாதிரி இருக்குய்யா! அதுக்குத் தனிப் பிரிவு வேணும்னா மாட்டுச் சந்தையில போய்க் கேளு!"

"உன்னுது மட்டும் என்னவாம்? மூட்டைக்குள்ள ஒரு வருஷம் தூங்கின பூ. குடிச்சா கொட்டாவி வருது!"

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தானாக ஆடியது. படுத்தால் எழுந்தேன், எழுந்தால் நடந்தேன். ஒரு நாளைக்கு மூன்று முறை வயலுக்குப் போய்ப் பூவைக் கசக்கி மோந்தேன். மீதி நேரத்தில் சங்க உறுப்பினர் வீடு வீடாகப் போய் ஆதரவு கேட்டேன். ஷெட் பக்கம் எட்டிப் பார்க்கவே நேரமில்லை.

சங்கக் கூட்டத்துக்கு நாள் குறிப்பது செயலாளர் வேலை. கோரின் குறித்தது செப்டம்பர் இரண்டாம் சனிக்கிழமை காலை ஒன்பது மணி. என் பூ பறிக்கும் நாளும் அதே நாள்!

"வேற நாளே கிடைக்கலையா உனக்கு?"

"பூ காலையில எட்டு மணிக்கு வந்துடும். கூட்டம் ஒரு மணி நேரம். வந்து காய்ச்சு. யாரு வேணாங்கிறா? ஆனா இப்பவே கொப்பரையைத் தேய்ச்சு வை. வந்ததும் அடுப்பு மூட்ட வசதியா இருக்கும்."

என்ன கரிசனம்! வெள்ளிக்கிழமை சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து, முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்தேன்.

கோரின் இருபது வருஷமாக ஒரு பண்ணையில், கொடியிலிருந்து பூவைப் பிரிக்கும் இயந்திரத்தருகே நிற்கிறாள். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, இரவு வேலை முடிந்து வரும்போது இரண்டு சாக்கு பச்சைப் பூ கொண்டுவந்தாள்.

"ரெண்டு எதுக்கு?"

"ஒண்ணு உனக்கு. இன்னொண்ணு எங்க அக்காவுக்குத் தூக்கம் வரலையாம், தலையணைக்குள்ள அடைக்க."

ஹாப்ஸ் மணம் தூக்கம் தரும்தான், ஆனால் தலையணைக்குக் காய்ந்த பூதான் வேண்டும். ஈரப்பூவை அடைத்தால் இரண்டே நாளில் தலையில் பூஞ்சை பூக்கும். இந்தப் பள்ளத்தாக்கில் இது தெரியாதவர் கிடையாது. எனக்கும் தெரியும். ஆனால் அந்த நேரம் நான் என் சொற்பொழிவை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

"உன் சாக்கைக் கூட்டத்துக்கு எடுத்துட்டுப் போ. எல்லாரும் மோந்து பாக்கட்டும். பேச்சை விடப் பூ நல்லாப் பேசும்" என்றாள். நெகிழ்ந்து போனேன்.

எல்லாரும் மோந்து பார்த்தார்கள். நல்ல பலன் தெரிந்தது. சாக்கை வண்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன். கையைத் தூக்கி ஓட்டுப் போட வேண்டியதுதான் பாக்கி என்றபோது தலைவர் ஒரு கவரைப் பிரித்தார்.

"செயலாளர் உடம்பு சரியில்லைன்னு வரலை. எழுத்துல ஆட்சேபம் அனுப்பியிருக்காங்க. மொத்தம் பதினொண்ணு. ஒவ்வொண்ணுக்கும் அர்மான் பதில் சொல்லணும்."

சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் சொன்னேன். ஆறாவது ஆட்சேபத்தில் மேஜை மேல் ஏறினேன். "பறிச்ச பூ ஒரு நாள் காத்திருக்காது! மூட்டைக்குள்ள அடைச்சா தானாச் சூடேறும், பழுப்பாகும், அழுகும்! ஒவ்வொரு மணி நேரமும் அதுக்கு ஒரு வயசு! இந்த அவசரத்துல பிறக்கிற பீரும், சாவகாசமாப் பிறக்கிற பீரும் எப்படிய்யா ஒரே பிரிவுல நிக்கும்?" கைதட்டல் கூரையைப் பிய்த்தது. வெண்டல்கூடக் கண்ணைத் துடைத்தான். தனிப் பிரிவு நிறைவேறியபோது மணி ஒன்றரை.

வெளியே வந்தேன். வெயில் கொளுத்தியது. வண்டிக் கதவைத் திறந்தேன். நாலு மணி நேரம் பூட்டிய வண்டிக்குள் வெந்த சாக்கிலிருந்து ஆவி வந்தது. கையை விட்டேன், சுட்டது. பச்சை பழுப்பாகியிருந்தது. அழுகையே வந்துவிட்டது. என் பேச்சைக் கேட்காதவன் ஊரிலேயே நான் ஒருவன்தான்.

ஆனாலும் அடுத்த நொடியே தேறினேன். போட்டிக்கு நான் ஒருவன்தானே? ஒருத்தன் மட்டும் ஓடுகிற பந்தயத்தில் நொண்டினால் என்ன, தவழ்ந்தால் என்ன?

வீட்டுக்குப் பறந்தேன். கொப்பரை வெதுவெதுவென்று இருந்தது. வெயில் என்று நினைத்தேன். அடியில் ஒரு பச்சை இதழ் ஒட்டியிருந்தது. நேற்று சரியாகத் தேய்க்கவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டு, இன்னொரு முறை தேய்த்தேன். உடம்பு சரியில்லாத கோரின் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, "ஓரத்தையும் தேய்" என்றாள்.

அக்டோபர் வந்தது. போட்டி மேஜையில் 'பச்சை ஹாப்ஸ் பீர்' என்று புத்தம் புதிய அட்டை. பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது. அட்டைக்குக் கீழே இரண்டு புட்டிகள்.

இரண்டு?

நடுவர் என்னுடையதைக் குடித்தார். நெடுநேரம் யோசித்தார். "மழையில நனைஞ்ச வைக்கோல்போர்" என்று எழுதினார். அடுத்ததைக் குடித்தார். கண்ணை மூடினார். "இப்பத்தான் கொடியிலேருந்து இறங்கி வந்த மாதிரி இருக்கு. எவ்வளவு சுத்தம்! முதல் பரிசு, கோரின்!"

"அக்கா தலையணை?" என்றேன். கோரின் பக்கத்திலேயே நின்றாள்.

"அக்கா நல்லாத் தூங்குறா."

"அப்போ பதினோரு ஆட்சேபம்?"

"நானும் சரின்னுட்டா அஞ்சு நிமிஷத்துல கையைத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்திருப்பே. எனக்குக் காய்ச்ச நாலு மணி நேரம் வேணுமே. பச்சைப் பூ தனிப் பிரிவுன்னு எனக்குத் தெரியாதா அர்மான்? இருபது வருஷமா அது பக்கத்துலதானே நிக்கிறேன்!"

கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டுமே. மறுநாள் காலை கனத்த மனத்தோடு ஷெட்டுக்குப் போய்க் கொப்பரையைத் தூக்கினேன். கோரின் வாசலில் மறித்தாள்.

"அதை எங்க கொண்டுபோறே?"

"வெளிய. உன் காரை உள்ள விடணுமே."

"கொப்பரை இங்கயேதான் இருக்கும். அடுத்த வருஷமும் நான் காய்ச்ச வேண்டாமா?"

"அப்போ கார்?"

என் கையிலிருந்த கொப்பரையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, பனிச் சுரண்டியைக் கொடுத்தாள்.